ஸ்பானியக் கரையில் இளைப்பாறுவோர்



உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய ஒருவர் எங்கே போய் வாழ்வார் என்று நம்மவரைக் கேட்டால், பிறந்த ஊருக்குத்தான் என்று விடை வரும். மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்து, பின் பென்சனோடு யாழ்ப்பாணம் மீண்டு, கல்வீடு கட்டி, கோயில் திருப்பணியிலும் சங்கக் கூட்டங்களிலும் முன்னின்ற பெரியவர்களை நம்மூரார் 'மலாயாப் பென்சன்காரர்' என்றே அழைத்தனர். அவர்கள் மீண்டது சொந்த மண்ணுக்கு. பேசிப் பழகச் சுற்றத்தாரும் இருந்தனர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதற்கு மாறானது. அறுபது, அறுபத்தைந்து வயது வரை ஓரிடத்தில் உழைத்துவிட்டு, மொழியும் அறியாத, உறவும் இல்லாத வேறொரு நாட்டிலே எஞ்சிய காலத்தைக் கழிக்கத் துணிவோரும் உலகில் உளர். அவர்களுள் பெருந்தொகையினரான, ஸ்பெயின் தேசத்துத் தென்கரையிலும் கீழ்க்கரையிலும் குடியேறிய பிரித்தானியரைப் பற்றியே இங்கு பேசப் போகிறோம்.

இவர்கள் அங்கே போன கதை நீண்டதன்று. 1959ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசாங்கம் தன் பொருளாதாரக் கதவுகளைத் திறந்துவிட்ட பின்னர், வட ஐரோப்பாவிலிருந்து உல்லாசப் பிரயாணிகள் ஆகாய விமானங்களில் வந்து குவிந்தனர். மீன்பிடிக் கிராமங்களாயிருந்த தொறெமொலினோஸ், புவென்கிரோலா, பெனிடோர்ம் ஆகியவை சில ஆண்டுகளில் மாடிக் கட்டடங்கள் நிறைந்த பட்டினங்களாயின. இரண்டு கிழமை விடுமுறைக்கு வந்தவர், "இளைப்பாறிய பின் இங்கேயே இருந்துவிட்டால் என்ன?" என்று எண்ணத் தொடங்கினார். 1986இல் ஸ்பெயின் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. பென்சன் பெறுவோர் அங்கத்துவ நாடு எதிலும் குடியிருக்கலாம் என்ற கட்டளை 1990இல் பிறந்தது. இங்கிலாந்தில் ஒரு வீட்டை விற்ற பணத்தில் அங்கே இரண்டு வீடு வாங்கலாம் என்று பேசப்பட்ட காலமும் உண்டு. ஆண்டில் முந்நூறு நாள் வெயில் என்று வீடு விற்போர் விளம்பரம் செய்தனர். வாதநோயால் விரல் மடங்கிய மூதாட்டிக்கு இது சிறு விடயமன்று.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரித்தானிய அரசாங்க பென்சன் பெறுபவர் ஸ்பெயினில் வாழ்ந்தால், ஆண்டுதோறும் ஏற்படும் உயர்வு அவருக்கும் கிடைக்கும். அவரே கனடாவிலோ நமது இலங்கையிலோ வந்து குடியிருந்தால், முதலில் பெற்ற தொகையே இறுதிவரை அசையாது நிற்கும். அன்றியும், ஸ்பெயினில் வாழும் பென்சன்காரரின் வைத்தியச் செலவைப் பிரித்தானிய அரசே அந்நாட்டுக்கு இறுத்துவிடுகிறது. ஆகவே, வயோதிபர் ஸ்பெயினை நாடியதற்கு வெயில் மாத்திரம் காரணமென்று கொள்வது பிழை.

இவ்வாறு போய்ச் சேர்ந்து பதிவு பெற்று வாழும் பிரித்தானியர் 250,000இற்கும் மேற்பட்டோர். யாவரும் முதியோர் அல்லர். ஆயினும் அலிகாந்தே, மாலகா மாகாணங்களிலே முதியோரின் பங்கு மிகப் பெரிது. மயோர்க்காத் தீவிலே ஜேர்மானியரும், அல்பாஸ் தெல் பி என்னும் ஊரிலே நோர்வேக்காரரும் இவ்வாறே தொகையாகக் குடியேறியிருக்கின்றனர்.

இனி, சமூக வாழ்வுக்கு வருவோம். வந்தவர் எந்த இடத்தில் வீடு வாங்கினார் என்பதிலேயே அவருடைய சமூக வாழ்வு பாதி தீர்மானமாகிவிடுகிறது. பலர் வாங்கியது ஊருக்கு வெளியே, குன்றுச் சரிவிலே, காணியை அளந்து பிரித்து ஒரே அச்சில் வார்த்தாற்போலக் கட்டிய தனிக் குடியேற்றங்களில். அங்கே நீச்சற் குளம் உண்டு, கடற்காட்சி உண்டு, அயலவர் யாவரும் ஆங்கிலம் பேசுவர். பாண் வாங்குவதற்கும் மோட்டார் வண்டி வேண்டும். எழுபது வயதிலே இது குறையாகத் தோன்றுவதில்லை. எண்பத்திரண்டில் கண் மங்கி வண்டியோட்டும் அனுமதி போய்விட்டால், அந்த அழகிய வீடே ஒரு தீவாகிவிடும். ஊரின் நடுவிலே, சந்தைக்கும் மாதா கோயிலுக்கும் அருகிலே பழைய வீடொன்றை வாங்கினவர் படியேறிக் களைத்திருப்பார். தெருவின் இரைச்சலில் உறக்கம் இழந்திருப்பார். ஆனால் அவர் ஒரு நாள் வெளியே வராவிட்டால், எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள்.

ஸ்பானியரின் நாள் நமது நாளைப் போன்றதன்று. ஆங்கிலேயரின் நாளைப் போன்றதும் அன்று. மதிய போசனம் இரண்டு மணிக்குப் பின்; இராப்போசனம் ஒன்பது, பத்து மணிக்கு. மாலை வெயில் தாழ்ந்தபின் குடும்பம் முழுவதும், கைக்குழந்தை முதல் பாட்டி வரை, நன்றாக உடுத்திக்கொண்டு வீதியில் உலாவப் புறப்படும். 'பசேயோ' என்று அதற்குப் பெயர். ஆறு மணிக்கே உண்டு ஒன்பது மணிக்குக் கதவடைத்துப் பழகிய ஆங்கிலேயர், ஊரார் வெளியே வரும் வேளையில் படுக்கைக்குப் போகிறார். பின்பு, இங்கே ஒருவரும் நம்மோடு பழகுவதில்லையே என்று முறையிடுகிறார்! பழகுமிடமும் வேறு. ஆங்கிலேயர் நண்பரை வீட்டுக்குத் தேநீருக்கு அழைப்பர். ஸ்பானியர் பல ஆண்டு பழகியவரையும் வெளியிலே, கோப்பிக் கடையிலே சந்திப்பர். வீட்டு மேசை உறவினருக்கே பெரும்பாலும் உரியது. வீட்டுக்கு அழைக்கவில்லையே என்று மனம் நொந்த ஆங்கிலேயர், தம்மை ஒவ்வொரு நாளும் கடையில் இருக்கை காட்டி அமர்த்தியதே அவ்வூரின் உபசாரம் என்பதை உணர நாட்செல்லும்.

உண்டபின் எழுந்துவிடாமல் மேசையிலேயே ஒரு மணி, இரண்டு மணி நேரம் இருந்து பேசுவதற்கு அவர்கள் மொழியில் 'சோப்ரெமேசா' என்று ஒரு தனிச்சொல் இருக்கிறது. 'மேசை மேல்' என்பது அதன் நேர்ப்பொருள். மேசை என்றதும் நம் நேயர்கள் சிரிக்கக்கூடும். போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச்சென்ற மேசையும் பாணும் சப்பாத்தும் அவர்களுடைய அயல்மொழியான ஸ்பானியத்திலும் சிறு வேறுபாட்டோடு அப்படியே வழங்குகின்றன. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அக்கரையில் இறங்கினால், கடைத்தெருவிலே சில சொற்களாவது அவருக்குத் துணை நிற்கும். ஆங்கிலேயருக்கு அதுவும் இல்லை.

மொழியே இங்கே பெருந்தடை. அறுபத்தைந்தில் புதுமொழி கற்பது எளிதன்று, கற்றதும் மறந்துவிடுகிறது. அன்றியும், கடற்கரைப் பட்டினங்களிலே ஆங்கிலம் பேசும் வைத்தியர், ஆங்கிலம் பேசும் நாவிதர், ஆங்கில மளிகைச் சாமான் விற்கும் கடை யாவும் உண்டு. மாலகா நாளிதழாகிய 'சுர்' 1984ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் ஒரு வாரப் பதிப்பையும் இலவசமாக வெளியிட்டு வந்துள்ளது. கற்காமலே காலம் தள்ளலாம் என்பதால் கற்காமலே பலர் காலம் தள்ளினர். அலிகாந்தே மாகாணத்தில் மற்றுமொரு சிக்கல்: முயன்று ஸ்பானியம் கற்றவர் பெயர்ப்பலகையைப் பார்த்தால், அது வலென்சிய மொழியில் இருக்கும். பெயரிலும் குழப்பம் உண்டு. ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். பெண்கள் விவாகத்தின்பின் பெயரை மாற்றுவதில்லை. ஆங்கிலேய மாதின் நடுப்பெயரை முதற் குடும்பப்பெயரென்று எண்ணிக் கந்தோர் எழுத்தர் பதிந்துவிட, வைத்தியசாலையில் அவள் ஓரிடத்தில் ஒருத்தியாகவும் மற்றோரிடத்தில் வேறொருத்தியாகவும் இருப்பாள்.

ஊராரோடு கலக்க இயலாதவர்கள் தனித்தே வாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். தமக்குள்ளே அவர்கள் அமைத்துக்கொண்ட சங்கங்கள் வியக்கத்தக்கவை. கடதாசி விளையாட்டுக் கழகம், பாடகர் குழு, நாடக மன்றம், புற்றரைப் பந்துருட்டுக் கழகம், அங்கிலிக்கன் திருச்சபை, பழைய போர்வீரர் சங்கம் என்று எத்தனையோ. 1973இல் பிரான்சு தேசத்துத் தூலூஸ் நகரிலே பியேர் வெலாஸ் என்னும் பேராசிரியர் இளைப்பாறியோருக்கென ஒரு பல்கலைக்கழகத் திட்டத்தைத் தொடங்கினார். அது 1982இல் பிரித்தானியாவிலே புது உருவம் பெற்றது: பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, சம்பள ஆசிரியரும் இல்லை, சரித்திரம் தெரிந்தவர் சரித்திரமும், தோட்டம் தெரிந்தவர் தோட்டமும் சொல்லிக்கொடுக்க, அங்கத்தவரே அங்கத்தவருக்குக் கற்பிப்பர். ஸ்பானியக் கரையிலே இவ்வமைப்பின் கிளைகள் பல உண்டு. புதிதாக வந்தவருக்கு முதற் கிழமையிலேயே இருபது பேர் அறிமுகமாகின்றனர். கரன் ஓ'ரைலி என்னும் சமூகவியலாளர் இக்கரையில் வாழ்ந்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, ஒருவருக்கொருவர் உதவும் இந்த வலைப்பின்னலை விரிவாக விளக்கினார். குடியும் கும்மாளமுமாகப் பொழுது போக்குவோர் என்று பத்திரிகைகள் தீட்டிய சித்திரத்துக்கும், அவர் கண்ட வாழ்வுக்கும் தூரம் மிக அதிகம்.

ஆயினும் இச்சங்கங்களுக்கு ஒரு குறை உண்டு. அங்கத்தவர் யாவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். பத்தாண்டு செல்ல, எல்லோரும் ஒருங்கே முதுமையடைகின்றனர். வண்டியோட்டி மற்றவரை ஏற்றிவந்தவருக்கே வண்டி ஏற்றிவிட ஆள் தேவையாகிறது.

கணவனும் மனைவியுமாக வந்தவருள் ஒருவர் நோயுறும்போதுதான் அந்நிய மண் அந்நியமாகத் தோன்றுகிறது. ஸ்பானிய அரசாங்க வைத்தியசாலைகளின் வைத்தியம் சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் நோயாளியின் கட்டிலருகே சாய்வு நாற்காலி ஒன்று கிடக்கும். அது துணைக்கு நிற்கும் உறவினருக்கு உரியது. இரவு முழுவதும் மகளோ மருமகளோ அதில் இருப்பாள். தண்ணீர் கொடுப்பதும், உணவூட்டுவதும், தாதியைக் கூப்பிடுவதும் அவள் பொறுப்பு. நமது நாட்டு வைத்தியசாலைகளை அறிந்தவருக்கு இதில் புதுமை இல்லை. ஆங்கிலேயருக்கோ, பார்வையாளர் நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போவதே வழக்கம். ஆகவே ஓர் அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தால், ஸ்பானியக் கிழவரைச் சுற்றி ஐந்து பேர் நிற்க, ஆங்கிலேயக் கிழவரின் நாற்காலி வெறுமையாயிருக்கும். பிள்ளைகள் லீட்ஸிலோ பிரிஸ்டலிலோ இருப்பர். பல வேளைகளில் அடுத்த கட்டிலுக்கு வந்தவர்களே இவருக்கும் சேர்த்துத் தண்ணீர் வார்த்துக் கொடுப்பர் என்பதையும் சொல்லவேண்டும்.

இத்தகைய துயரத்திலிருந்தே ஒரு நல்ல காரியம் பிறந்தது. ஜோன் ஹன்ட் என்னும் ஆங்கிலேய மாது, புற்றுநோயால் கணவரை இழந்தபின், மாலகா மாகாணத்திலே 1992இல் 'குதேக்கா' என்னும் தரும நிறுவனத்தை நிறுவினார். மாற்றமுடியாத நோயுற்றோரின் கடைசி நாட்களில் வேதனையைத் தணித்துப் பராமரிப்பதே அதன் பணி. பெனல்மாதெனாவிலே அதன் இல்லம் இருக்கிறது. பழைய உடுப்பும் தளபாடமும் விற்கும் தருமக் கடைகளை நடத்திப் பணம் சேர்ப்பது ஆங்கிலேயரின் வழக்கம்; அவ்வழக்கத்தை அங்கே ஊன்றினர். அங்கு ஸ்பானியர், அந்நியர் என்ற பேதமின்றி எவருக்கும் பணமின்றிப் பராமரிப்புக் கிடைக்கிறது. கடையிலே விலைச்சீட்டு ஒட்டும் ஆங்கிலேய மூதாட்டியும் நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் ஸ்பானியத் தாதியும் ஒரே வேலையின் இரண்டு பக்கத்தைச் செய்கின்றனர். மொழி வகுப்பில் ஐந்தாண்டு கற்றும் கிடைக்காத பேச்சுப் பழக்கம் இவ்வாறு கூடிச் செய்யும் வேலையிலே சிலருக்குக் கிடைத்திருக்கிறது. புதிதாகப் போகிறவர் எங்கே சேரலாம் என்று என்னைக் கேட்டால், கடதாசிக் கழகத்துக்கு முன் இத்தகைய கடையொன்றையே காட்டுவேன்.

இனி, ஒருவருடைய கதையைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஜெரல்ட் பிரெனன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1894இல் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் பணியாற்றியபின், 1920 முதல் கிரனாடாவுக்குத் தெற்கே மலைச்சாரலிலுள்ள யேகென் என்னும் கிராமத்தில் பல ஆண்டுகள் இடையிட்டு வாழ்ந்தார். உள்நாட்டுப் போர் மூண்ட 1936இல் நாட்டைவிட்டுப் போனார். 1953இல், ஏறத்தாழ அறுபது வயதிலே, மனைவி கமெல் வூல்சியோடு மாலகாவை அடுத்த சுர்ரியானாவுக்கு மீண்டு வந்தார். ஸ்பெயினின் அரசியலைப் பற்றி அவர் 1943இல் எழுதிய நூலைப் பிராங்கோ அரசு தன் நாட்டில் தடைசெய்திருந்தது. யேகென் கிராமத்து மக்களின் திருவிழாவையும் காதலையும் சண்டையையும் உணவையும் பற்றி அவர் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. மனைவி 1968இல் இறந்தபின் அவர் அலவ்ரின் எல் கிராந்தே என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். ஊரார் அவரைத் 'தோன் ஹெரார்தோ' என்றனர். ஸ்பானியர் மரியாதைச் சொல்லைக் குடும்பப் பெயரோடு சேர்ப்பதில்லை, இட்ட பெயரோடு சேர்ப்பர். நாம் பெயரோடு ஐயா சேர்த்து அழைப்பது போன்றது அது. மதிப்பும் நெருக்கமும் ஒருங்கே உண்டு.

1984ஆம் ஆண்டில் அவருக்குத் தொண்ணூறு வயது. உடல் தளர்ந்தது, பராமரிக்க வழியில்லாத நிலை. இலண்டன் புறநகரிலுள்ள முதியோர் இல்லமொன்றுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். இச்செய்தி ஸ்பானியப் பத்திரிகைகளில் வெளியானதும் பெரும் ஆரவாரம் எழுந்தது. நம் கிராமத்தின் கதையை உலகுக்குச் சொன்ன மனிதரை நாம் கைவிடலாமா என்று மக்கள் கேட்டனர். அலவ்ரின் ஊரவரும் நகரசபையும் அந்தலூசிய மாகாண அரசும் முன்வந்து, சில வாரங்களுள் அவரை அவருடைய வீட்டுக்கே திருப்பி அழைத்துவந்தனர். பராமரிப்புச் செலவை அரசாங்கம் ஏற்றது. 1987ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவர் அங்கேயே காலமானார்.

பிரெனன் புகழ் வாய்ந்த எழுத்தாளர். சாதாரணப் பென்சன்காரருக்கு எந்தப் பத்திரிகை ஆரவாரம் செய்யும் என்று நேயர்கள் கேட்பது நியாயமே. எனினும் அவரை ஊராரோடு பிணைத்தது புகழ் மாத்திரமன்று. யேகெனில் வாழ்ந்த நாளில் அவர் பெயர் பெற்ற எழுத்தாளரல்லர். கிராமத்தவரின் மொழியில் அவர்களோடு பேசினார். அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். கேள்வி கேட்பதில் சலிக்கவே இல்லை.

அவருடைய உடலின் கதையும் விசித்திரமானது. மருத்துவ ஆராய்ச்சிக்கென்று அவர் அதனை மாலகாப் பல்கலைக்கழக வைத்திய பீடத்துக்கு எழுதிவைத்திருந்தார். அது பல ஆண்டுகள் அங்கேயே கிடந்து, 2001இல் தகனம் செய்யப்பட்டு, மாலகாவிலுள்ள ஆங்கிலேயர் சேமக்காலையில் மனைவியின் அருகே அடக்கம் பெற்றது. அந்தச் சேமக்காலை 1831ஆம் ஆண்டளவில் பிரித்தானியக் கொன்சல் வில்லியம் மார்க் என்பவரின் முயற்சியால் உண்டானது. அதற்குமுன் கத்தோலிக்கரல்லாதார் அங்கே இறந்தால், கடற்கரை மணலில் இராவேளையில் புதைக்க நேர்ந்தது. அலை அரித்துப் பிணம் வெளிப்படுவதும் உண்டாம்.

இப்பொழுது அவ்விதத் தடை இல்லை. இருப்பினும், மரணம் நேர்ந்தால் ஓரிரு நாட்களுக்குள் அடக்கம் செய்வதே ஸ்பானியர் வழக்கம். இங்கிலாந்தில் இரண்டு மூன்று கிழமை கழித்து நடைபெறும் சடங்குக்குப் பழகிய பிள்ளைகள், விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சுவரில் அடுக்கடுக்காக அமைந்த கல்லறை மாடங்கள் பல இடங்களில் குறித்த ஆண்டுகளுக்கே குத்தகைக்குக் கிடைக்கும். தவணை கழிந்தால் புதுப்பிக்க வேண்டும். யார் புதுப்பிப்பார் என்ற கேள்வி, உறவினர் அங்கே இல்லாதவரை உறுத்துகிறது.

குடியுரிமை விடயத்தையும் சுருங்கக் கூறலாம். ஒவ்வோர் ஊரிலும் 'பத்ரோன்' எனப்படும் குடிசனப் பதிவேடு உண்டு. அதில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதற்கேற்பவே நகரசபைக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கும். வரி கேட்பார்களோ என்று அஞ்சிப் பல முதியோர் பெயரைப் பதியவில்லை. வைத்திய நிலையத்தில் இரண்டாயிரம் பேர் நிற்க, ஏட்டிலே ஆயிரம் பேர் இருந்தால் வைத்தியர் எப்படிப் போதும்? ஆகவே நகரபிதாக்கள் இவர்களைப் பெயர் பதியுமாறு வேண்டிக்கொண்டே வந்துள்ளனர். 1999இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தல் முதல் இவர்கள் வாக்களிக்கவும் வேட்பாளராக நிற்கவும் உரிமை பெற்றனர். ஊர்க்குப்பை, தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய் பற்றிய பேச்சிலே அந்நியரும் உள்ளூரவரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தனர்.

2020ஆம் ஆண்டு பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு நீங்கியது. அதற்குமுன் சட்டப்படி குடியிருந்தோரின் உரிமைகளை உடன்படிக்கை காத்தது. உள்ளூர் வாக்குரிமையை 2019இல் இரு நாடுகளும் செய்த தனி ஒப்பந்தம் காத்தது. புதிதாகப் போகிறவருக்கோ வாயில் ஒடுங்கிவிட்டது. நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாளுக்குமேல் தங்க முடியாது. நிலையாகத் தங்குவதற்கு, அரசு குறித்த வருமான அளவின் நான்கு மடங்கு வருமானத்தைக் காட்டி, வேலை எதுவும் செய்வதில்லை என்று உறுதிகூறி விசா பெறவேண்டும். குளிர்காலத்தை அங்கும் கோடையை இங்குமாகக் கழித்த 'தகைவிலான் குருவிகள்' பலர் வீட்டை விற்றுத் திரும்பினர். வேறு சிலர், இத்தனை ஆண்டும் தள்ளிப்போட்ட பதிவைச் செய்யக் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றனர். சிலர் கையிலே ஸ்பானிய மொழிப் பாலபாடமும் இருந்தது.